வளைவில் ஹாரன் அடிக்கவும்

மணி எட்டே கால் ஆகியும் பாலத்தைத் தாண்டிய சைக்கிள் ஏழே ஏழுதான். பத்து மணிக்குள் நூறு தாண்டியாக வேண்டும். சுகுணா ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

அவளுக்குப் பக்கத்தில், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் டென்மார்க்கிலிருந்து வந்த யென்ஸ் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் எண்ணுகிற மெஷின். சைக்கிள் போனால் கட்டைவிரலால் ஓர் அழுத்து, 'டிக்'. போகாத நேரத்தில் மிளகுக் காப்பி. இதுவரை காப்பிதான் அதிகம்.

சுகுணா பெரக்கரை நாடு என்கிற மலைக் கிராமத்தில் அங்கன்வாடி டீச்சர். மகள் கலைச்செல்வி பதினொன்றாவது படிப்பது ஆறு கிலோமீட்டர் தள்ளி, செம்மேட்டில். முதல் பஸ் விடிவதற்குள் போய்விடும், அடுத்தது வருவதற்குள் பள்ளியில் இரண்டு பாடம் முடிந்திருக்கும். அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வீட்டில் ஈரத்துணி காய்ந்தது. ஏனென்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது ரோடா ஓடையா என்று ஓடைக்கே சந்தேகம். போன வருடம் மூன்று பெண்கள் படிப்பை நிறுத்திவிட்டு மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த மாதம் கலைச்செல்வியும், "நடக்க முடியலம்மா, நின்னுக்கறேன்" என்று ஆரம்பித்திருந்தாள்.

சைக்கிள் பாதை கேட்டு பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனாள் சுகுணா.

"சைக்கிளே ஓடாத ஊருக்குச் சைக்கிள் பாதை எதுக்கும்மா?"

"பாதையே இல்லாம சைக்கிள் எங்கீங்க ஓடும்?"

ஆபீசர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அதோடு விட்டுவிட அவள் என்ன லேசுப்பட்டவளா? பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு மிதிவண்டிச் சங்கம் ஆரம்பித்தாள். செல்போனில் தேடித் தேடி டென்மார்க், ஜப்பான், கொலம்பியா சங்கங்களோடு கூட்டுச் சேர்ந்தாள். நாலு ஊரிலும் ஒரே நாளில் சைக்கிளை எண்ணுவது, எங்கே கணக்கு நூறைத் தொடுகிறதோ அந்த ஊருக்குப் பாதை கேட்டு நாலு நாட்டுச் சங்கமும் சேர்ந்து கலெக்டருக்கு எழுதுவது என்று ஏற்பாடு. 'எங்க ஊரில் சைக்கிள் ஏராளம்' என்று அவள் எழுதிவிட்டாள். அதைக் கண்ணால் பார்க்க ஒருவர் விமானம் ஏறி வருவார் என்று யார் கண்டது? ஏராளம் என்றால் பன்னிரண்டு.

"இதோ வந்தர்றேனுங்க" என்று எழுந்து, புதர் மறைவில் நின்ற சங்கத்து மாரப்பனிடம் ஓடினாள்.

"ஏனுங்க மாமா, பாலத்தைத் தாண்டினதும் ஓடையில எறங்கி, மரவள்ளிக் காட்டு வழியா சுத்திக்கிட்டு மறுபடியும் எல்லாரும் வாங்க."

"போனவனே திரும்பப் போனா அந்தாளுக்குத் தெரியாதா கண்ணு?"

"சட்டையை மாத்திக்குங்க!"

மாரப்பன் இருபது வருடம் இந்த மலையில் லாரி ஓட்டியவர். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடிக்காமல் திரும்பியதே இல்லை. லாரியை விற்றபோது பழைய ரப்பர் ஹாரனை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து சைக்கிளில் மாட்டிவிட்டார். பாலத்துக்கு முன்னால் ஒரு சின்ன வளைவு. நீலச் சட்டையில் வந்தார். 'பாம்... பாம்!' டிக். கட்டம் போட்ட சட்டையில் வந்தார். 'பாம்... பாம்!' டிக்.

"மாமா, அதைச் செத்த அடிக்காம வரக்கூடாதுங்களா?"

"வளைவுல ஹாரன் அடிக்காம வாரதா? இதுவரைக்கும் ஒரு ஆக்சிடென்ட் கெடையாது சாமி!"

சங்கத்துப் பாப்பாயி தன் புருஷனின் சட்டையை மாட்டி, துண்டால் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தாள். வேஷம் பொருத்தம்தான், மூக்குத்தி மட்டும் பளபளத்தது. மூன்றாவது சுற்றில் யென்ஸுக்கு நேர் எதிரே சைக்கிளை நிறுத்தி, "ஏ சுகுணா, இப்ப ஆம்பள மாதிரி இருக்குறனா?" என்று கேட்டாள். சுகுணாவுக்கு அப்படியே ஓடையில் குதித்துவிடலாமா என்றிருந்தது. யென்ஸ் சிரித்துக்கொண்டே வணக்கம் போட்டார். டிக்.

ஒன்பதே காலுக்குக் கணக்கு ஐம்பத்தெட்டு. ஆனால் காட்டு மேட்டில் சைக்கிளைத் தள்ளித் தள்ளிப் பாதிப்பேருக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. சுகுணா அந்த வழியாக வந்த உள்ளூர்ப் பையன் சுரேந்தரின் பலாப்பழ மினி லாரியை மடக்கினாள். ஆளையும் சைக்கிளையும் அள்ளிப் போட்டு, தார்ப்பாய் மூடி, வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவர ஏற்பாடு. ஒரே ஒரு சங்கடம்: வண்டி ஓடையில் இறங்காது. யென்ஸ் மூக்குக்கு முன்னால் பாலத்தின் மேல்தான் வந்தாக வேண்டும்.

வந்தது. பாலத்தைத் தாண்டி வளைவில் திரும்பியது. தார்ப்பாய்க்குள்ளிருந்து, 'பாம்... பாம்!'

சுரேந்தர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். ஒரு பலாப்பழம் உருண்டு யென்ஸின் காலடியில் வந்து நின்றது. அவர் எழுந்து, பழத்தைத் தூக்கி வண்டியில் வைத்தார். தார்ப்பாய்க்கு வெளியே ஒரு ஹேண்டில்பார் நீட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாயை இழுத்து அதையும் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

'தங்கமான மனுசன், சூதுவாது தெரியாத சீவன்' என்று சுகுணா மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள். இவரைப் போய் ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு உறுத்தவும் செய்தது. மகளின் முகம் வந்தது. உறுத்தலை ஓரமாக வைத்தாள்.

பத்தாக நாலு நிமிடம். கணக்கு தொண்ணூற்றொன்பது. வளைவில் ஒருவரையும் காணோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓடி வந்து பார்த்தால், மொத்தச் சங்கமும் பலாமரத்தடியில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு பாப்பாயி! ஒரே ஒரு தடவை!"

"இனி என்னைய நாலு பேரு தூக்கிட்டுத்தான் போகோணும்."

சுகுணா அவர்களைப் பார்த்தாள். சங்கத்தில் யாரோ ஓட்டி வந்து மரத்தில் சாய்த்திருந்த கலைச்செல்வியின் சைக்கிளைப் பார்த்தாள். சுகுணா மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் பிறந்த பெண். அங்கே சமவெளியில் சைக்கிள் மிதித்துப் படித்தவள். கல்யாணமாகி மலையேறிய பிறகு பதினெட்டு வருடமாக அதைத் தொட்டதில்லை. வேஷம் போட வழியில்லை, காலையிலிருந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மூஞ்சி. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? சேலையைத் தூக்கிச் செருகினாள். ஏறினாள்.

சைக்கிள் ஆடியது, அவள் விடவில்லை.

"வளைவு வருது, மணி அடி கண்ணு!" என்று மாரப்பன் படுத்தபடியே கத்தினார்.

'கிணிங்' என்று அடித்துக்கொண்டு, யென்ஸின் முகத்துக்கு நேராகப் பாலத்தைத் தாண்டினாள். தாண்டிப் போய்க் கல்லில் மோதி விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே காதைத் தீட்டிக் கேட்டாள்.

டிக்.

யென்ஸ் படிவத்தில் நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அவருடைய கார் டிரைவர் ராசுவைக் கூப்பிட்டார். அருவி பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் இங்கிலீஷ் கற்றவன் ராசு. மாரப்பனின் சைக்கிளைக் கைகாட்டி அவனிடம் நெடுநேரம் ஏதோ பேசினார் யென்ஸ். முகத்தில் சிரிப்பில்லை.

சுகுணாவுக்கு விளங்கிவிட்டது. முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நேரே போய் நின்றாள்.

"தெரிஞ்சு போச்சுங்களா? நான்தான் சுத்த விட்டேன், அவங்க மேல தப்பில்லீங்க. ஆனா பாதை மட்டும் வரட்டும், எங்க பிள்ளைகளே நூறு சைக்கிள்ல போவாங்க. அதைச் சொல்லுங்க ராசு. அந்தக் காகிதத்தைக் கிழிச்சாலும் அடுத்த வருசம் மறுபடியும் எண்ணுவேன்னு சொல்லுங்க!"

ராசு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

"அக்கா, அவரு சொல்றது இதுதானுங்க: 'எங்க ஊர்ப் பாதைக்காக முப்பது வருசத்துக்கு முன்னால நாங்க ஒம்பது பேரு இதே மாதிரி சுத்துனப்போ, சட்டையை மாத்தறதுக்கு முன்னாடி மணியைத்தான் கழட்டி வெச்சோம்'ங்கறாரு."