வடக்குத் தெரு வழியாக ஒரு வலம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை வீட்டுக்குள்ளேயே வைத்து அனுபவித்திருந்தால் யாருக்கும் சேதமில்லை. ஊர் நடுவே கொண்டுபோய்க் காட்டினேன். வினை அங்கேதான் பிடித்தது.

தஞ்சாவூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் புவியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து ஊருக்கு வருவேன். வந்ததும் அந்த வாரம் படித்ததில் ஏதாவது ஒன்றை வீட்டார் தலையில் இறக்கிவைப்பேன். (யாராவது கேட்டார்களா என்று நீங்கள் கேட்கக் கூடாது.) அந்த வாரத்துப் பாடம் 'உலகை வலம் வந்த மாலுமிகள்'. கப்பலில் கிளம்பி ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வந்துவிடலாம் என்று ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து விளக்கினேன்.

அப்பா கவனமாகக் கேட்டார். "சரி, எந்தக் கைப்பக்கம் வச்சுக்கிட்டுப் போனாங்க?"

"எதைப்பா?"

"உலகத்தைத்தான். வலம் வந்தாங்கன்னு சொன்னியே. அப்பன்னா சோத்துக்கைப் பக்கம்ல இருக்கணும்?"

"கப்பல்ல போறவங்களுக்கு அதெல்லாம் கிடையாதுப்பா. கிழக்காலயும் போகலாம், மேற்காலயும் போகலாம். சுத்திக்கிட்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாச் சரி."

அப்பா தலையாட்டினார். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அவரிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த என் அண்ணன் குமார், விடுமுறையில் வந்து ஒரு பழைய டிராக்டரும் டிரெய்லரும் வாங்கினான். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் வண்டி. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கோயிலைச் சுத்தி நாலு தெருவுலயும் நாத்துக்கட்டு, நெல்லு மூட்டைன்னு நாப்பது வருசமா அடுத்தவங்க சாமானைத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கேன். ஒரு தடவை நம்ம வண்டியில, நமக்காக, நாலு பேரு பாக்கப் போயிட்டு வந்துடணும்."

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் நாலு தெருவையும் சுற்றி முடிக்க வேண்டும். பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கோயில் வாசலில் வண்டி கிளம்பும்போது மணி மூன்றரை. வலம் என்றால் கீழத் தெருவில் வலப்பக்கம் திரும்பி, அடுத்ததாகத் தெற்குத் தெருவுக்குத்தான் போக வேண்டும். ஆனால் தெற்குத் தெரு முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். நாலு மணிக்கு மேல்தான் அள்ளுவோம் என்றார்கள்.

எல்லோரும் கையைப் பிசைந்தபோது நான் முன்னே வந்தேன். கையில் நானே சார்ட் பேப்பரில் வரைந்த ஊர் வரைபடம். (வடதிசைக்கு அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தேன்.)

"இடப்பக்கம் திரும்பி வடக்குத் தெரு, மேலத் தெரு வழியாப் போனா, தெக்குத் தெருவுக்குக் கடைசியாத்தான் வருவோம். அதுக்குள்ள நெல்லை அள்ளியிருப்பாங்க."

அம்மா பதறினார். "அது ஆகாதுடி. அந்தப் பக்கமா..."

"அம்மா, பூமியையே ரெண்டு பக்கமும் சுத்தியிருக்காங்க. இது நாலு தெரு."

"பாப்பா படிச்சிருக்கு. அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. தீர்ப்பு எழுதியாயிற்று.

டிரெய்லரைச் சுற்றிச் சாமந்திச் சரம் கட்டியிருந்தது. நடுவில் ஒரு மர நாற்காலி. அதில் அப்பா, கழுத்தில் ரோஜா மாலை, நெற்றி நிறைய விபூதி. வண்டி ஆடினால் விழுந்துவிடுவாரே என்று நான்தான் நைலான் கயிற்றால் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். நாதசுரம் கிடைக்கவில்லை, கல்யாண சீசன். கிடைத்தது தப்பு செட் மட்டும். அண்ணன் கிளட்சை விட்டான். வண்டி குதித்த குதியில் அம்மாவின் மடியிலிருந்த பொரிகடலைத் தட்டு சாய்ந்து, தெரு நெடுகப் பொரி சிந்திக்கொண்டே வந்தது. அப்பா பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தார். ஆனந்தம்தான். நான் வரைபடத்தோடு முன்னால் நடந்தேன்.

வடக்குத் தெருவில் மளிகைக் கடைக்காரர் கதவைப் பாதி சாத்தினார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக ஒதுங்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. "பாத்தியாம்மா மரியாதையை!" என்று திரும்பிக் கத்தினேன். அம்மா இன்னும் சத்தமாக அழுதார். அண்ணன் வாங்கி வைத்த ஆயிரம்வாலா அந்த நேரம் பார்த்து வெடித்தது.

மேலத் தெருவில் நுழைந்தோம். அங்கே மிராசுதார் வீடு. அப்பா நாற்பது வருஷம் உழைத்தது அவர் வயலில்தான். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அன்று மிராசுதார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செருப்பில்லாமல் தெருவுக்கு இறங்கி வந்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக் கைகூப்பினார்.

"நல்ல மனுசன்யா" என்றார் பக்கத்தில் நின்றவரிடம். குரல் உடைந்திருந்தது. "நேத்துகூட வாய்க்கால் மதகுல பாத்தேன்."

அதற்குள் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை பட்டம்மா அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்து டிரெய்லரைப் பிடித்தார். "அண்ணே! ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே!"

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எங்க போனேன்? தெக்குத் தெருவுக்குத்தான் போறேன்."

தப்புச் சத்தம் நின்றது. அத்தை அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். மிராசுதார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் இடப்பக்கம் திரும்பி, வடக்குத் தெரு வழியாக மேலத் தெருவுக்குப் பூவும் பொரியும் வெடியுமாக வருவது ஒரே ஊர்வலம்தான். அது ஆற்றங்கரைச் சுடுகாட்டில் போய் முடியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் எலுமிச்சம்பழம் கண்ணை மறைத்துவிட்டது.

"ஏன்யா, உசிரோட இருக்குற மனுசனை இந்தப் பக்கமா யாருய்யா ஓட்டிட்டு வரச் சொன்னது?" என்று இரைந்தார் மிராசுதார். குடும்பம் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் வரைபடத்தைச் சுருட்டினேன்.

மேற்கொண்டு ஓரடிகூட நகரக் கூடாது என்று அம்மா சக்கரத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க அண்ணனுக்குத் தெரியாது. கடைசியில் டிரெய்லரைக் கழற்றி, துக்கம் விசாரிக்க வந்த இருபது பேர் சேர்ந்து கையால் திருப்பினார்கள். அவசரத்தில் யாரும் அப்பாவின் கட்டை அவிழ்க்கவில்லை. ராகுகாலம் முடிந்து, ஆறு மணிக்குமேல் தெற்குத் தெரு வழியாக முறைப்படி வலம் நடந்தது. நான் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். "நாலு பேரு பாக்கப் போகணும்னு கேட்டீங்க. ஊரே சிரிக்க வச்சுட்டேன்பா" என்றேன்.

"அவரு துண்டை எடுத்தாரு. பாத்தியா?"

"நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சு எடுத்தாருப்பா."

"என்ன வேணா நினைச்சுக்கட்டும். எடுத்தாருல்ல?" அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அவரு திரும்பப் போட்டுக்கிறதுக்குள்ள கண்ணைத் தொறந்து பாத்துட்டேன்."

இன்று நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் அப்பா இந்தக் கதையைத்தான் எடுத்தார். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு கண்ணை மட்டும் திறந்து நடித்தே காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துச் சிரித்துக் காபியைச் சிந்தினார்.

"போனப்புறம் நாலு பேரு நம்மளைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு யாருக்குக் கேக்கக் கிடைக்கும்? எனக்குக் கிடைச்சுது. எல்லாம் பாப்பா படிச்ச படிப்பு" என்று முடித்த அப்பா, ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஒரே குறைதான். மேலத் தெருவோட நிறுத்திட்டாங்க. தெக்குத் தெருவுல என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியாமயே போச்சு."