சீனரி அங்கிள் நிறுத்தாத கடல்

ஆட்களை வேனில் ஏற்றி, கடலோரச் சாலையிலேயே நாள் முழுக்க ஓட்டிக்கொண்டு போய், கடல் என்ற ஒன்று ஜொகூரில் இருப்பதே தெரியாமல் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் சீனரி அங்கிள்தான்.

அவருடைய நிஜப்பெயர் எங்கள் ஊர் மாசாயில் யாருக்கும் தெரியாது. தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். முப்பது வருடம் தொழிற்சாலைப் பஸ் ஓட்டியவர். ஷிஃப்டுக்குப் போகும் பெண்களை வீட்டு வாசலில் ஏற்றிப் பாசிர் கூடாங்கில் இறக்குவது, ஷிஃப்ட் முடிந்தவர்களைத் திரும்ப ஏற்றுவது, இதுதான் வேலை. ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டார். எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்காவது வெளியூர் போக வேண்டுமென்றால் ஓட்டுவார். போகிற வழியில் எதிர்பாராத இடத்தில் ஓரம் கட்டி, இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எறங்குங்க, எறங்குங்க, சீனரி பாருங்க!" என்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

சிக்கல் என்னவென்றால், அவர் கைகாட்டும் இடத்தில் சீனரி இருக்காது. ஒருமுறை பொந்தியான் பக்கம் போன கூட்டத்துக்குக் கால்வாய் ஓரத்தில் கிடந்த ஓர் உடும்பைக் காட்டிப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினார். உடும்பு அசையவே இல்லை. கூட்டத்தில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர், "இது உசுரோட இருக்கா?" என்று கேட்டார். "அமைதியா ரசிக்கணும் சார்" என்று பதில் வந்தது. அதே பயணத்தில், படகுகள் வரிசையாக நின்ற அழகான ஒரு கரை வந்தபோது அங்கிள் வேனை இன்னும் வேகமாக விரட்டினார். எல்லோரும் கத்தியதற்கு, "அங்க ஒண்ணும் இல்ல லா" என்றார்.

இத்தனைக்கும் எங்கள் தாமான் பெண்கள் எங்கே போவதானாலும் அவர் வேனைத்தான் கூப்பிடுவார்கள். ஆண்கள் நாங்கள் திட்டிக்கொண்டே ஏறுவோம். பெண்களுக்கு ரசனை கொஞ்சம் குறைவு என்று எங்களுக்குள் பேசிக்கொள்வதும் உண்டு.

எனக்கும் அவருக்கும் நேரடியாக முட்டிக்கொண்டது போன வருடம். என் அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, மெர்சிங்கில் இருக்கிறார். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா தினமும் காலையில் போனில் கூப்பிட்டு அழுவார். சின்னம்மாவுக்குப் பேச்சு குழறியதால் அந்தப் பக்கத்திலிருந்தும் அழுகைதான் வரும். "அக்காவப் பாக்கணும்" என்பது மட்டும் புரிந்தது. ஆனால் அம்மா கிளம்ப மாட்டேன் என்றார். நான்கு வருடமாக அவர் மாசாயைத் தாண்டவில்லை. கேட்டால் முட்டிவலி என்பார்.

நான் நம்பினேன். நான்கு வகைத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். அம்மா அவற்றை எடுத்து வாசல் கேட்டின் கீல்களுக்குப் போட்டார். கேட் சத்தமில்லாமல் திறந்தது, அம்மாதான் அதைத் தாண்டி வரவில்லை.

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் லாரிகளுக்கு வழித்திட்டம் போடுகிறவன் நான். எந்த லாரி எங்கே எத்தனை நிமிடம் நிற்கலாம் என்பது என் கையில். அந்தத் திமிரோடு அம்மாவுக்கும் ஒரு திட்டம் போட்டேன்.

"எட்டு மணிக்கு ஏறுனா பத்து மணிக்கு மெர்சிங். நடுவுல எங்கயும் நிக்க மாட்டேன்மா. ஒரே அழுத்து!"

அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "நீ போய் பாத்துட்டு வாப்பா. எனக்கு முட்டி தாங்காது."

அடுத்த நாள் சாயங்காலம் சீனரி அங்கிள் எங்கள் கேட்டருகே நின்று அம்மாவிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம்தான். அம்மா உள்ளே வந்து, "ஞாயித்துக்கெழம மெர்சிங் போறோம். சீனரித் தம்பி வேன்ல" என்றார்.

"முட்டி?"

"முட்டிக்கு என்ன?"

பெற்ற மகன் ஆறு மாதமாகக் கெஞ்சி நடக்காத காரியம். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அந்த வாரம் அங்கிள் ஒருநாள் முழுக்க மோட்டார் சைக்கிளோடு காணாமல் போனார். மாலையில் புழுதியோடு வந்தவரிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டால், "ரோட்ட பாக்க" என்றார். சாலை என்ன ஓடியா போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குக் கிளம்பினோம். என் மனைவிக்கு வேலை இருந்ததால் நாங்கள் மூவர்தான். கோத்தா திங்கி வழியாகப் போயிருந்தால் சுருக்கம். அங்கிளோ கடலோரப் பாதையைப் பிடித்தார். சரி, கடலையாவது பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வேனின் பின்னால் ஒரு காலி வாளி உருண்டுகொண்டே வந்தது. எதற்கு என்று கேட்டேன். மீன் வாங்க என்றார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேன் நின்றது. "எறங்குங்க தம்பி. அந்தப் பக்கம் பாருங்க, செம்பனை!"

"அங்கிள், இந்த நாட்டுல எங்க திரும்புனாலும் செம்பனைதான்."

"இது வரிசையா இருக்கு லா."

அம்மா, "காலை நீட்டிட்டு வரேன்" என்று மெல்ல இறங்கி நடந்தார். நான் கைப்பேசியில் தாமதத்தைக் கணக்குப் போட்டேன்.

டெசாரு பக்கம் மரங்களுக்கு இடையே நீலமாகக் கடல் தெரிந்தது. "நிறுத்துங்க அங்கிள்!" என்றேன். "அங்க ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப்போய், ஒரு சின்ன சூராவ் தொழுகைக்கூடத்துக்கு எதிரே நிறுத்தினார். "தண்ணித் தொட்டி பாருங்க. எவ்ளோ ஒசரம்!" அம்மா மறுபடியும் காலை நீட்டப் போனார். செடிலிப் பாலத்தில் மீன்பிடிப் படகுகள், பறவைகள், வெயிலில் மின்னும் தண்ணீர் எல்லாம் கண்முன்னே வந்து கண்முன்னே போயின. அதைக் கடந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பந்துத் திடலில் வேன் நின்றது. திடலில் ஆளும் இல்லை, பந்தும் இல்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நாம மெர்சிங் போறோமா, இல்ல திடல் கணக்கு எடுக்குறோமா? சின்னம்மா காலைலேர்ந்து வாசல்ல உக்காந்திருக்காங்க! இப்படியே போனா அம்மாவுக்கு முடியாம பாதியிலயே திரும்ப வேண்டியதுதான்!"

அங்கிள் கோபப்படவில்லை. "பத்து நிமிஷம் தம்பி. காத்து வாங்குங்க" என்றார்.

ஒருவழியாக மெர்சிங் போய்ச் சேர மணி ஒன்று ஆகிவிட்டது. ஏழு இடத்தில் நின்றிருந்தோம்.

சின்னம்மா நிஜமாகவே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவைக் கண்டதும் இடது கையை நீட்டினார். "ஏன்க்கா... இவ்ளோ... நாளு..." என்று ஒவ்வொரு சொல்லாக இழுத்தார். அம்மா அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "வந்துட்டேன்ல. வந்துட்டேன்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சோற்றைப் பிசைந்து தங்கைக்கு ஊட்ட ஆரம்பித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும்போதாவது சுருக்கு வழியில் போகலாம், வழியைக் குறித்து வைத்திருப்பார் என்று, வேனில் கிடந்த அங்கிளின் நோட்டைப் பிரித்தேன். 'அக்கா, மெர்சிங்' என்று தலைப்பு. கீழே அவருடைய கோணல் எழுத்தில் ஏழு இடங்கள்.

'பெட்ரோல் ஸ்டேஷன். உக்கார்ற தண்டாஸ். கொக்கி நல்லா இருக்கு. படி இல்ல. எதிர்ப்பக்கம் பாக்க: செம்பனை.'

'சூராவ். சுத்தம். வாளி இல்ல, நாம கொண்டு போகணும். எதிர்ப்பக்கம் பாக்க: தண்ணித் தொட்டி.'

'திடல். தண்டாஸ் சாவி எதிர்க்கடைல, சொல்லி வச்சாச்சு. எதிர்ப்பக்கம் பாக்க: ஒண்ணும் இல்ல, சும்மா பேசிக்கிட்டு இருக்கணும்.'

ஏழு இடத்திலும் தண்டாஸ், அதாவது கழிவறை. டெசாரு கடலோரத்துக்கு ஒரே வரி: 'இங்க வசதி இல்ல. நிக்கக் கூடாது.'

நோட்டோடு அவரிடம் போனேன். மரத்தடியில் பாலில்லாத தே ஓ தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சற்று நெளிந்தார்.

"அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா அங்கிள்?"

"அவங்க எங்க சொல்லுவாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி அக்காவும் நாங்களும் கோயிலுக்கு பஸ்ல போனோம், நான் பின் சீட்டு. ஓட்டுனது வேற ஆளு, நிறுத்தவே இல்ல. அக்காவுக்கு அடக்க முடியல. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க பாவம். எறங்கும்போது சீலைய இழுத்து மூடிக்கிட்டு யாரையும் பாக்காம போனாங்க. அதுக்கப்புறம் எந்த வண்டியிலயும் ஏறல."

நான் நோட்டை மூடினேன்.

"முப்பது வருஷம் பொம்பளைங்கள ஏத்தி ஓட்டுனேன் தம்பி. ஒருத்தர் கூட 'நிறுத்துங்க'ன்னு வாயத் தொறந்து கேட்டதில்ல. நாமதான் ஏதாச்சும் சாக்கு சொல்லி நிறுத்தணும். ஆம்பளைங்கள வேற பக்கம் பாக்க வைக்கணும்." குவளையைக் கீழே வைத்தார். "காலைலேர்ந்து அக்கா ஒரு வாய் தண்ணி குடிக்கல. பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. லாரிகள் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று ஊருக்கே சொல்கிறவன், என் அம்மா எதற்காக எங்கும் போகாமல் இருந்தார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவரிடமே சொன்னேன். "அலமாக், அதெல்லாம் விடுங்க லா" என்று எழுந்து வேன் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

கிளம்பும்போது சின்னம்மா வீட்டில் பார்லி தண்ணீர் கொடுத்தார்கள். அம்மா இரண்டு டம்ளர் குடித்தார். "அடுத்த மாசம் வரேன்டி" என்று தங்கையின் தலையைக் கோதிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் வேனில் ஏறினார்.

வழியில் அந்தத் திடலில் வேன் நின்றது. இம்முறை நான் முந்திக்கொண்டு குதித்தேன். இடுப்பில் கைவைத்து, "அம்மா, எறங்குங்க! சீனரி பாருங்க, சீனரி!" என்றேன். நல்லவேளையாக மூன்று ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அம்மா என்னையும் ஆடுகளையும் பார்த்தார். "போடா, தம்பி சொல்ற மாதிரி உனக்கு வரல" என்று சிரித்துவிட்டு இறங்கி நடந்தார். நான்கு வருடம் கழித்து அப்படி ஒரு சிரிப்பு. அங்கிளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் கூச்சம் விடவில்லை. அம்மா போன திசைக்கு முதுகைக் காட்டி, அவர் தோளோடு தோள் ஒட்டி நின்று, அந்த மூன்று ஆடுகளையும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.