ஷூ போட்ட குடும்பம்

குடும்பத்தைக் காட்டி ஓட்டு கேட்டவன் நான். கொள்கை எதுவும் கையில் இல்லை. குடும்பம் இருந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. இடது, வலது பார்த்து ஜோடியாகப் பெட்டியில் வைக்க வேண்டும். வேறு வித்தை தெரியாது. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வரவில்லை. கவுன்சிலரானால் கொண்டுவந்துவிடலாம் என்று சுயேச்சையாக நின்றேன்.

எதிர்த்து நின்றவர் உள்ளூர்ப் பத்திரிகையில் குடும்பத்தோடு சோபாவில் சிரித்தார். எல்லார் காலிலும் பளபளவென்று ஷூ. தெரு முழுக்க அந்தப் படம்தான் பேச்சு. (குழாயைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.)

நாங்களும் படம் எடுப்பதென்று முடிவு செய்தேன். வீட்டில் இருந்தது ரப்பர் செருப்பு. வெளிநாட்டுக்கு ஷூ அனுப்புகிறவன் வீட்டில் வேறென்ன இருக்கும்?

கம்பெனி சாம்பிள் ரூமில் கேட்டு வாங்கி வந்தேன். சாம்பிளை ஒற்றைக் காலுக்குத்தான் செய்வார்கள். எல்லாம் இடது. யாரும் மாட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. நான் விடுவேனா? மாடலுக்கு இரண்டாகப் பொறுக்கினேன்.

மனைவி செல்வி காலை நுழைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, ரெண்டும் லெஃப்ட்டு!"

"மூஞ்சியத்தான் பாப்பாங்க. பேசாம நில்லு."

"கட்ட வெரலு நசுங்குது."

"குழாய் வரணுமா, வேணாமா?"

நின்றாள். அப்போது பன்னிரண்டு வயதான மகள் சுமதி அழுதுகொண்டே சிரித்தாள். பத்திரிகைக்காரர் படத்தின் கீழே போட்டார்: 'உங்களோடு நடக்கும் குடும்பம்.' (நடந்திருந்தால் மூன்று பேரும் விழுந்திருப்போம்.)

பத்திரிகை வந்த காலை, கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண்களிடம் கைகூப்பினேன். எல்லாரும் ஷூ தைக்கிறவர்கள். எங்கள் ஊரில் முகத்தைப் பார்க்கும் முன் காலைத்தான் பார்ப்பார்கள். தலைவராகக் கிளம்பிய எனக்கு அது மறந்துவிட்டது.

தையல் லைன் ஷகிலா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, உங்க வீட்ல யாருக்குமே ரைட் காலு கெடையாதா?"

"பேக்கிங்ல வேற இருக்காரு," என்றாள் பக்கத்தில் நின்றவள். "ஒரு ஜோடி ஒழுங்கா சேக்கத் தெரியல, குழாய் இழுத்துக்கினு வர்றாராம்!"

பஸ் போன பிறகும் சிரிப்பு கேட்டது.

தோற்றேன். ஜெயித்தவரும் குழாய் போடவில்லை. ஆனால் அவர் ஷூ ஜோடி சரியாக இருந்தது.

போன வருடம் சுமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் ஷூ கம்பெனிதான், கட்டிங். அவர் வீட்டு வாசலில் மாமியார் ஆரத்தி எடுத்துவிட்டு, "வலது கால எடுத்து வச்சு உள்ள வாம்மா," என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவங்க குடும்பத்துல அது கெடையாதும்மா."