சிரிங்கண்ணே போலீஸான கதை

மதுரைச் சீமையில் கைதான பிறகு தலைவாரி, காலர் சரிசெய்து, கன்னத்தில் லேசாகப் பவுடர் தொட்டுப் படம் எடுக்கப்பட்ட திருடர்கள் யாரேனும் உண்டென்றால், அவர்கள் சிரிங்கண்ணே கையில் சிக்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அது ரேஷன் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். போலீஸில் சேர்வதற்கு முன்னால் பத்து வருடம் அவர் கல்யாண போட்டோகிராபர். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் அவருடைய ஸ்டூடியோ. கீழே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு அண்ணே. நான் அவருக்கு மாப்ள.

பெயர் வந்த விதம் இது. கோச்சடையில் ஒரு துக்க வீடு. நிறைந்த வயதில் போனவர். பிள்ளைகள், பேரன்கள் எல்லாரும் சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். அண்ணன் போனார், கேமராவைக் கண்ணில் வைத்தார், பத்து வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் சிரிங்க!"

ஒப்பாரி நின்றுவிட்டது. மகன்கள் முறைத்தார்கள். மூன்று மருமகள்கள் மட்டும் சொன்னவுடனே சிரித்துவிட்டார்கள். அந்தப் படத்தால்தான் அந்தக் குடும்பத்தில் பின்னால் பாகப்பிரிவினை வந்தது என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதர் போலீஸாக ஆசைப்பட்டதற்குக் காரணம், திருடு போன ஒரு கேமரா. திருமங்கலத்தில் ஒரு முகூர்த்தம் முடித்துவிட்டு பஸ்ஸில் வரும்போது யாரோ பையோடு அடித்துவிட்டார்கள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு புகார் கொடுக்கப் போனார். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம்.

எங்களுக்கு முன்னால் ஒரு சேவல் தகராறு. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், சேவல் தன்னுடையது என்று சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தார்கள். வயதான ஏட்டய்யா ஒருவர் இரண்டு மணி நேரம் இருவரையும் மாறி மாறிப் பேசவிட்டார். இரண்டு அதட்டல் போட்டார். இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் இருவரும் சேவலோடு ஒரே ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் முகம் பளபளவென்று இருந்தது.

"மாப்ள, பாத்தியா அவர? வெட்டுக்குத்துன்னு வந்தவங்கள ஒரே ஆட்டோவுல ஏத்தி விட்டாருடா! இதுல்லடா வேல! நான் போலீஸாகப் போறேன்."

"அது இருக்கட்டும்ணே. கேமராவுக்கு என்ன சொன்னாங்க?"

அண்ணன் நின்றார். "அட, அதச் சொல்லவே இல்லயே."

மறுபடி உள்ளே போய்ப் புகார் கொடுத்தோம். கேமரா இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதே நல்லது என்பார் அவர்.

வயது வரம்புக்கு அது அவருடைய கடைசி வருடம். எழுத்துத் தேர்வில், நானே எதிர்பார்க்காத விதத்தில், தேறிவிட்டார். சிக்கல் ஓட்டத்தில் வந்தது. ஆயிரத்தைந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். அண்ணனுக்கு முன்னால் பத்து வருடக் கல்யாணப் பந்தி ஒரு தொப்பையாகச் சேர்ந்து நின்றது.

தினமும் விடிந்ததும் கோச்சடையில் வைகைக் கரை ரோட்டில் அவர் ஓடுவார். பின்னாலேயே ஸ்கூட்டியில் அவர் மனைவி முத்துலட்சுமி, கையில் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு.

"ஏங்க, பின்னாடி வார பால்காரரு நடந்தே உங்களத் தாண்டிட்டாரு!"

"பேசாம வாடி. மூச்சு வாங்குது."

ஒரு மாதம் இதே கதைதான். ஒன்பது நிமிடத்துக்குக் கீழே வரவில்லை. அப்புறம் ஒருநாள் ஒரு கறுப்பு நாய் குரைத்துக்கொண்டு துரத்தியது. அன்றைக்கு ஆறரை நிமிடம்! முத்துலட்சுமி மறுநாளே பிஸ்கட் பாக்கெட் வாங்கி அந்த நாயைச் சிநேகம் பிடித்துவிட்டாள். தினமும் நாய் துரத்தும், அண்ணன் ஓடுவார், ஆறரையிலிருந்து ஆறேகால் ஆனது. எனக்கு ஒரே கவலை.

"அண்ணே, செலக்‌ஷன்ல நாய் இருக்காதேண்ணே?"

"அதத்தான்டா நானும் நெனைக்கிறேன்" என்றார், நிஜமான பயத்தோடு.

அந்த நாளும் வந்தது. மைதானத்து வேலிக்கு வெளியே நானும் முத்துலட்சுமியும் கூட்டத்தோடு நின்றோம். இரண்டாவது சுற்றிலேயே அண்ணன் கடைசி. தோள் தொங்கிவிட்டது. இந்த வருடம் போனால் இனி ஜென்மத்துக்கும் கிடையாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது என் காதருகே ஒரு நாய் குரைத்தது.

திரும்பிப் பார்த்தால் முத்துலட்சுமி. சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவில் வள் வள்ளென்று குரைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. குரைப்பு நிற்கவில்லை. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கால் பார்த்துக்கொண்டது. கடைசிச் சுற்றில் நான்கு பேரைத் தாண்டி, ஏழு நிமிடம் முடிய சில நொடி இருக்கும்போது கோட்டில் போய் விழுந்தார்.

பயிற்சி, ஆயுதப்படை எல்லாம் முடிந்து, ஊருக்கு வெளியே ஒரு ஸ்டேஷனில் வந்து சேர்ந்தார். எந்த ஸ்டேஷன் என்று எழுதினால் என்னிடம் பேசமாட்டார். பழைய தொழில் தெரிந்து, பிடிபட்டவர்களைப் படம் எடுக்கும் வேலையை அவரிடமே கொடுத்தார்கள். அங்கேதான் வம்பு.

"தம்பி, தாடைய லேசா இறக்கு. ஆங்... வெளிச்சம் மூஞ்சில விழட்டும். யோவ், அந்த ஜன்னலத் திற!"

ஒரு பைக் திருடனின் படத்தை இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யோவ், இவன் அக்யூஸ்டா, மாப்பிள்ளையா?" என்றார் கடைசியில். பைக்கைப் பறிகொடுத்தவரிடம் படத்தைக் காட்டியபோது, "சேச்சே, இம்புட்டு லட்சணமான பையன் திருடுவானா சார்?" என்று கேட்டுவிட்டார். அந்தத் திருடனின் அம்மா இரண்டு நாள் கழித்து வந்து, பெண் வீட்டுக்குக் கொடுக்க அதில் ஒரு காப்பி கிடைக்குமா என்று விசாரித்தார். அதோடு கேமராவை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள்.

ஆனால் அவர் எதற்காகப் போலீஸானார் என்று எனக்குப் புரிந்தது ஒரு பகல் பதினோரு மணிக்கு. நான் ஒரு காணாமல் போன ஆர்.சி. புக்குக்காக அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பெண்ணும் பையனும் கழுத்தில் மாலையோடு ஓடி வந்து உள்ளே நுழைந்தார்கள். இருவரும் மேஜர். ஒரே ஊர். ஊருக்குள் அவள் தெரு வேறு, அவன் தெரு வேறு. அவள் வீட்டுக்கு வயல் உண்டு. அவன் தாத்தா அந்த வயலில் கூலிக்கு நடவு நட்டவர். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு காரும் ஒரு மினி வேனும் வாசலில் வந்து நின்றன. பெண்ணின் அப்பா, மாமன், சித்தப்பா என்று இருபது இருபத்தைந்து பேர். வாசலில் மூன்று போலீஸ்காரர்கள். இன்ஸ்பெக்டர் கூடுதல் ஆள் கேட்டு போனில் இருந்தார். பெண் பையனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் பெஞ்சின் உள்கோடிக்கு நகர்ந்துகொண்டேன்.

சிரிங்கண்ணே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அட, நம்ம பார்ட்டிடா" என்றார். அந்தப் பெண்ணின் அக்கா கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் அவர்தான். நான் தடுப்பதற்குள் வெளியே போய்விட்டார்.

"எல்லாரும் இப்படி வாங்க! உயரமானவங்க பின்னாடி. மாமா, நீங்க நடுவுல. போன தடவ ஓரத்துல நிக்க வச்சேன்னு கோவிச்சுக்கிட்டுப் போனீங்கள்ல, இந்தத் தடவ நடுவுலயே நில்லுங்க. சித்தப்பா, வேட்டிய இறக்கி விடுங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் வரிசையாக நின்றார்கள். வேட்டியை இறக்கிவிட்டார்கள். அந்தக் குரலை மண்டபத்தில் கேட்டுப் பழகிய உடம்புகள். மூன்று வரிசையில் ஒழுங்காக நின்றபிறகு ஒருவருக்கும் ஆவேசமாகக் கத்த வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அய்யா, நீங்க மட்டும் உள்ள வாங்க" என்று பெண்ணின் அப்பாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

பெரியவர் மகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "என்னய்யா பேசணும் என்கிட்ட?" என்றார்.

அண்ணன் குரல் இறங்கிவிட்டது. "அய்யா, மூத்த பிள்ளைய தாரை வார்க்கயில நீங்க அழுதீங்க. அந்தப் படத்த ஆல்பத்துல வைக்காதன்னீங்க. நான் வைக்கல."

"இப்ப எதுக்கு அது?"

"வெளிய நிக்கிறாங்களே, அன்னிக்கும் அம்புட்டுப் பேரும் இருந்தாங்க. ஆயிரம் படம் எடுத்தேன். உங்களத் தவிர ஒருத்தர் கண்ணும் கலங்கலய்யா. இந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா, அழப்போறதும் நீங்க ஒருத்தர்தான்."

பெரியவர் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். மாலையைப் பார்த்தார். பையனைப் பார்க்கவில்லை.

"உன் சர்டிபிகேட்டெல்லாம் பீரோவுல இருக்கு. கொடுத்து விடுறேன். படிச்சத விட்டுறாத."

எந்தத் தொந்தரவும் செய்யமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே போய், "ஏறுங்கய்யா வண்டில" என்று ஒரே சொல் சொன்னார். மாமன் ஏதோ வாயெடுத்தார். "ஏறுன்னேன்ல!" என்றார். வண்டிகள் கிளம்பின. சொன்னபடி சர்டிபிகேட்டும் நான்காம் நாள் வந்து சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு வந்தார். "யோவ், இதெல்லாம் எந்தச் சட்டப் பிரிவுய்யா?"

"குரூப் போட்டோ பிரிவு சார்."

பெரியவர் இன்னும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து காய்கறி மூட்டையோடு பஸ்ஸில் வந்து, மகளை வெளியில் சந்தித்துக் கொடுத்துவிட்டுப் போகிறாராம். அண்ணன்தான் சொன்னார், ஏதோ தன் வீட்டுச் சேதி மாதிரி.

போன மாதம் நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். விசாரணைக்கு வந்தது அவர்தான். இத்தனை வருடப் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, என் பெயரையும் அப்பா பெயரையும் முதல் தடவையாகக் கேட்பதுபோல் கேட்டார். முத்துலட்சுமி எப்படி இருக்கிறாள் என்றதற்கு, "டூட்டில இருக்கேன் மாப்ள" என்றார்.

"உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல ரெண்டு பேர் சொல்லுங்க."

பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். "இன்னொருத்தர்?" என்று பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார். எவ்வளவு யோசித்தும், எதிரே உட்கார்ந்திருக்கிற அவரை விட்டால் எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.