கேஸ் போகவில்லை, மானம் போனது

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். அதோடு நிறுத்தியிருக்கலாம். காரைப் பழுது பார்க்கவும் தெரியும் என்று நான் நம்பிய நாட்கள் என் வாழ்க்கையில் மொத்தம் இரண்டே இரண்டு. ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் தம்பி பிரபுவுக்குப் பெண் பார்க்க எண்ணூர் போனோம்.

காசிமேட்டில் எங்கள் தெருவுக்குள் வந்த முதல் கார் என்னுடையது என்று எழுத ஆசைதான். மூன்றாவது. ஆனால் ஒரு பெண் தன் சம்பளத்தில் வாங்கிய முதல் கார் அது. ராயபுரத்தில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கன்டெய்னர் பேப்பர்களோடு மல்லுக்கட்டிச் சேர்த்த பணம். (செகண்ட் ஹாண்ட் கார்தான். வாங்கி ஒரு மாதம் வரை சீட்டு இடுக்கிலிருந்து பல் குத்தும் குச்சியாக வந்துகொண்டிருந்தது.) தெருவில் நான் நடந்து போவதே குறைந்துவிட்டது. மூலைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கக்கூடக் காரில் போனேன்.

மே மாதம் பிறந்தது, ஏசி படுத்தது. நாலாம் நம்பரில் வைத்தால் சத்தம் மாவு மில் மாதிரி வரும். காற்று மட்டும் யாரோ டீயை ஊதி ஆற்றுகிற அளவுக்குத்தான் வரும்.

இதைத் தெருவில் சொன்னது என் முதல் தவறு.

"கேஸு பூட்ச்சு" என்றார் ஐஸ் கம்பெனிக்காரர். "கேஸுதான், வேற இன்னா" என்றார் இஸ்திரிக் கடைக்காரர். எதிர்வீட்டு அக்கா மாடியில் துணி காயப்போட்டபடியே, அங்கிருந்தே நோயைக் கண்டுபிடித்துச் சொன்னார்: "கேஸு!" ஒருவரும் கார்க் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்து பார்த்தவர் என் நைனா மட்டும்தான். முப்பது வருஷமாக விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறவர். உள்ளே உட்கார்ந்து, காற்று வருகிற ஓட்டையில் உள்ளங்கையை வைத்தார்.

"வர்ற காத்து ஜில்லுனுதானே கீது?"

"ஆமா நைனா."

"அப்ப கேஸு கீது. காத்துதான் வர மாட்டுது. வழியில இன்னாவோ அடச்சிகினு கீது."

"நைனா, இது போட் எஞ்சின் இல்ல. எல்லாம் எலெக்ட்ரானிக்."

(இதில் எலெக்ட்ரானிக் எது என்று அவர் கேட்டிருந்தால் நான் திருதிருவென விழித்திருப்பேன். பெரிய மனுஷன், கேட்கவில்லை.)

சனிக்கிழமை செல்போனில் வீடியோ பார்த்தேன். தொப்பி போட்ட ஒருவர், "காற்று குறைவாக வந்தால் கேஸைச் சந்தேகப்படாதீர்கள், அடைப்பைத் தேடுங்கள்" என்றார். அடடா, என்ன அறிவு என்று வியந்து லைக் போட்டேன். இதையேதான் நைனாவும் சொன்னார். ஆனால் அவர் தொப்பி போட்டிருக்கவில்லையே.

டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஒரு செவ்வகச் சட்டம். அதுதான் ஃபில்டர், காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது. வெள்ளையாக இருக்க வேண்டியது, நம் பக்கத்துக் காற்றைக் குடித்துக் குடித்துக் கறுப்பாகியிருந்தது. வெற்றி! பக்கெட்டில் சோப்புத்தூள் கரைத்து ஊறவைத்து, கல்லில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தேன். காகிதத்தால் செய்ததை அப்படித் துவைக்கக் கூடாது என்பது, அது கையோடு கூழாக வந்தபோது தெரிந்தது.

புதிது வாங்கக் கடைக்குப் போயிருக்கலாம். அதற்குள் விதி விளையாடியது. ஃபில்டர் இல்லாமலே ஏசியைப் போட்டுப் பார்த்தேன். காற்று என்றால் காற்று! முன் சீட்டில் இருந்த பில்லெல்லாம் பின் சீட்டுக்குப் பறந்தது.

"அந்தச் சட்டத்த சும்மாவா வச்சிருப்பான்?" என்றார் நைனா.

"காசு புடுங்கறதுக்கு வச்சிருப்பான் நைனா."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். பிரபு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். காண்டிராக்ட் வேலை என்ற ஒரே காரணத்தால் அதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்குப் புது வெள்ளைச் சட்டை. முகத்துக்குப் பவுடர் நான்தான் போட்டுவிட்டேன். அவன் வேர்த்துவிடக் கூடாது என்று முன்பக்க ஓட்டைகள் அத்தனையையும் அவன் பக்கமாகத் திருப்பியும் வைத்தேன். பாசம்.

திருவொற்றியூர் தாண்டும்வரை நான்தான் ராணி. பின் சீட்டில் அம்மா, "ஊட்டி மாறி கீதுடி" என்றாள். நைனா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

எர்ணாவூரில், எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டினோம். தார்ப்பாய் கிழிந்து, லாரி ஊருக்கே திருநீறு இறைத்துக்கொண்டு போனது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கிறதே என்று நான் அலட்சியமாக இருந்தேன். முந்தின நாள் சோதனை செய்தபோது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் பொத்தானை அழுத்தி அப்படியே விட்டிருந்தது நினைவில்லை.

"அக்கா, மூக்குல இன்னாவோ நெடி ஏறுது" என்றான் பிரபு.

"ஃபேன ஏத்தினா போய்டும்" என்று நாலில் வைத்தேன்.

அதுவரை தயங்கித் தயங்கி வந்த சாம்பல், புஸ்ஸென்று ஒரே மூச்சில் வந்தது. எனக்குத் துளிகூட இல்லை. எல்லா ஓட்டையும்தான் அவனைப் பார்த்து இருந்ததே. திரும்பிப் பார்த்தேன். தம்பி இருந்த இடத்தில் ஒரு சிமென்ட் மூட்டை கண் சிமிட்டியது.

ஓரங்கட்டினேன். பதற்றத்தில் பாட்டில் தண்ணீரைக் கைக்குட்டையில் நனைத்துத் துடைத்தேன். சாம்பலோடு பவுடரும் சேர்ந்து குழைந்து, முகம் பாதி பூசிவிட்ட சுவர் மாதிரி ஆனது.

"வூட்டுக்குப் பூடலாம். இதுவும் போச்சு" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

திட்டட்டும் என்று பிரபுவைப் பார்த்தேன். அவன் இருமி முடித்து, "வுடும்மா. அக்கா வேணும்னா பண்ணுச்சு? நேரமாவுது, போலாம்" என்றான். நைனா இறங்கி வந்து அவன் சட்டையைத் தட்டிவிட்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெண் வீட்டு வாசலில் இறங்கினோம். பெண்ணின் அப்பா பிரபுவை மேலும் கீழும் பார்த்தார்.

"எர்ணாவூர்ல லாரி பின்னால வந்தீங்களா?"

தலையாட்டினோம்.

"எங்க ஊரு சாம்பல எங்க வூட்டுக்கே எடுத்தாந்து குடுக்கிற மொத ஆளு நீங்கதான்" என்றபடி, கதவுக்குப் பின்னால் தொங்கிய துண்டை எடுத்து நீட்டினார். அங்கே எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் அப்படி ஒரு துண்டு தொங்குமாம். அவர்கள் வருஷம் முழுக்கச் சுவாசிப்பதில் ஒரு பிடியைத்தான் என் காருக்குள் ஏற்றிக்கொண்டு வந்து நான் மானம் போனதாகக் கலங்கியிருக்கிறேன்.

பிரபுவைக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள், நானும் கூடப் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தோடு ஒரு பெண் வந்து, "குனிங்க" என்று தலையில் ஊற்றினாள். ஒரு குடம் போதவில்லை. இரண்டாவதில்தான் முகம் வந்தது. அவள்தான் கவிதா, நாங்கள் பார்க்க வந்த பெண்.

"காருக்குள்ள இம்மாம் சாம்பல்னா ஏசி வழியாதான் வந்திருக்கும். அந்த ஏசிய யார் ரிப்பேர் பண்ணது?" என்றாள்.

அவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல், "ஒரு மெக்கானிக்கு" என்றான்.

"என்னப்பத்திதான் சொல்றான்" என்றேன் நான். கவிதா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தாள் என்றால், பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கும் அளவுக்கு. காபி கொடுக்கும்போதும் தட்டு குலுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து சரி என்று போன் வந்தது. அம்மா அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். புது ஃபில்டரை நைனா பத்தே நிமிஷத்தில் மாட்டினார். திருப்புளியை என் கையில் கொடுக்காமல் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏன் சரி சொன்னாய் என்று பின்னால் கவிதாவிடம் கேட்டேன். "மூஞ்சி முழுக்கச் சாம்பல வச்சிகினு ஒரு மனுசன் அக்காவக் காட்டிக் குடுக்க மாட்டேங்கிறான். அதுக்கு மேல இன்னா விசாரிக்கணும்?" என்றாள்.

இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். சொந்தபந்தம் கூடுகிற இடங்களில் சொல்வது வேறு. உங்கள் கல்யாணம் எப்படி முடிவானது என்று யாராவது கேட்க வேண்டியதுதான், பிரபு தலையில் கைவைத்துக்கொள்வான், நான் சமையல்கட்டுப் பக்கம் நழுவுவேன். கவிதா குரலை உயர்த்தி ஆரம்பிப்பாள்:

"எல்லாரும் மாப்ளைய விசாரிச்சுப் பாத்துக் கட்டிக்குவாங்க. நான் கழுவிப் பாத்துக் கட்டிகினேன்!"