பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் காத்த படலம்

காலி வீதியின் வாகனப் பேரிரைச்சலுக்கு அஞ்சாத நெஞ்சனும், ஆயிரம் மின்குமிழ்கள் விற்பனைக்கு ஒளிரும் கூடத்தின் நடுவே தன் மேசைக்குமிழை மட்டும் அணைத்து வைத்துச் சிக்கனம் காத்த செம்மலும், பாண் வாங்கக் கொடுத்த காசின் மிச்சத்தை மனைவியிடம் ஒரு சதமும் விடாமல் கேட்டு வாங்கும் மறவாப் பெருமகனும், 'முகாமைப் பணிப்பாளர்' என்ற பொன்னெழுத்துப் பலகையைத் தன் கைக்குட்டையாலேயே நாள்தோறும் துடைப்பவனுமாகிய வெள்ளவத்தைக் கனகசபாபதி வாழ்க, அவன் கொற்றம் நீடுக! கனகா லைற்றிங் பிறைவேற் லிமிற்றெட் என்னும் அவனது பேரரசு முப்பது அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் கொண்டது. பணிப்பாளர் சபையில் இருவர்: அவனும், பட்டியல் மொட்டையாய்த் தெரியக்கூடாதென்று அவன் சேர்த்துவைத்த மனைவி பத்மாவதியும்.

அப்பேர்ப்பட்ட மாவீரனை ஒரு சித்திரை மாதக் காலையில் வருமான வரி வந்து வளைத்துக்கொண்டது. யானையேறி வரவில்லை, முரசறைந்தும் வரவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்த நப்லா என்னும் கணக்காளரின் மடிக்கணினிக்குள் அடங்கி வந்தது. கம்பெனி வேறு, அங்கிள் வேறு என்றாள் நப்லா. கடையில் காசு போடும் லாச்சியிலிருந்து அங்கிள் மாதாமாதம் அள்ளும் மூன்று இலட்சம் பணிப்பாளரின் சம்பளம். ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும் சம்பளத்துக்குக் கம்பெனியே வரியைக் கழித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டும். அது மாதம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றும் சொன்னாள்.

சினந்தான் கனகசபாபதி. மூக்குக்கண்ணாடி நழுவ, மீசை துடிக்க, கல்குலேற்றரை வாளென உருவி எழுந்து, தன் கடை, தன் லாச்சி, தன் காசு, தனக்குத் தானே சம்பளம் கொடுக்கும் மூடன் எவன் என முழங்கினான். அந்த அம்பு நப்லாவின் மடிக்கணினியைக்கூடத் தொடவில்லை. அடுத்து, எடுத்ததெல்லாம் பெற்றோல் செலவென்று இன்னோர் அம்பை ஏவினான். அவளோ சிட்டைகளைப் புரட்டி, ஞாயிறுதோறும் ஹெந்தளையில் மச்சான் வீட்டு நண்டுக்கறிக்குப் போய்வந்த தூரத்தைக் கிலோமீற்றராய் எடுத்துக் காட்டினாள். வெட்கமாவது பட்டானா? இல்லை, தேத்தண்ணி கேட்டான்.

அத்தேநீரின் கடைசி மிடறில்தான், கேடுகெட்ட மூளைகளுக்கே வாய்க்கும் பேரொளியொன்று அவனுக்கு வாய்த்தது.

"பத்மாவும் டிரெக்டர்தானே பிள்ளை. பாதியை அவவின்ர பேரில போடுங்கோ. ஆளுக்கு ஒண்டரை லட்சம். வரி பூச்சியம்."

"போடலாம் அங்கிள். ஆனா ஆன்ட்டி உண்மையா வேலை செய்யணும், சல்லி அவங்கட கணக்குக்கே போகணும். பேப்பர்ல மட்டும் காட்ட ஏலாது," என்றாள் நப்லா.

வேலையா! மடைதிறந்த வெள்ளமெனப் பெருகியது வீரனின் நாவன்மை. காலையில் கடையைத் திறப்பவள் யார், பெட்டிபெட்டியாய் வரும் குமிழ்களை ஒவ்வொன்றாய் எரித்துப் பார்த்துப் பழுதைக் களைபவள் யார், மொத்த வியாபாரிகளோடு சிங்களத்தில் பேரம் பேசி விலையை இறக்குபவள் யார், இருப்புப் புத்தகம் எழுதுபவள் யார் என்று, பதினொரு ஆண்டுகள் ஒரு நாளேனும் ஒப்புக்கொள்ளாத உண்மைகளை எல்லாம், வரி மிச்சம் என்றதும் வாய் ஓயாமல் அடுக்கினான். நப்லா ஒன்றுவிடாமல் தட்டச்சிட்டாள். பக்கத்து மேசையில் இருப்புப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த பத்மாவதி பேனையை மூடி வைத்துவிட்டு, கடைசிவரை கேட்டாள். தன் வேலையைப் பற்றி அவன் வாயிலிருந்து அவள் கேட்ட முதற்பேச்சு அதுதான்.

தீர்மானம் எழுதப்பட்டது. இருவரும் ஒப்பமிட்டனர். மாத முடிவில் ஒன்றரை இலட்சம் பத்மாவதியின் புத்தம்புதிய வங்கிக் கணக்கில் போய் விழ, இறைவரியைப் புறமுதுகிடச் செய்த பெருமிதத்தோடு, வாகை சூடிய தலை நிமிர, அவள் முன் கைநீட்டி நின்றான் வெற்றிவேந்தன்.

"பத்மா, அந்தக் காசை எடுத்துத் திருப்பி லாச்சியில போடும்."

"அது என்ர சம்பளம்," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "பதினொரு வருசமா நான் செய்த வேலையை நீங்களே அந்தப் பிள்ளைக்குச் சொன்னனீங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

மறுத்துப் பேச வழியிருந்ததா அந்த மடையனுக்கு? அவள் வேலை செய்யவில்லை என்றால் வரி வரும். செய்தாள் என்றால் காசு வராது. பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் காக்கப் போய், ஒன்றரை இலட்சத்தைத் தன் கையொப்பத்தாலேயே தாரைவார்த்த அந்தச் சூரன், நப்லாவைத் தொலைபேசியில் அழைத்துத் தீர்மானத்தை அழிக்கமுடியுமா என்று கேட்டான். அழிப்பதற்கும் மற்றப் பணிப்பாளரின் ஒப்பம் வேண்டும் என்றாள் அவள். லாச்சியில் கைவைக்கவும் இனி வழியில்லை, அவனே அடுக்கிய வேலைப்பட்டியலின்படி சாவியும் புத்தகமும் பத்மாவதியிடம். காரின் லீசிங்கும் காப்புறுதியும் அவன் பங்கை விழுங்கித் தீர்க்க, அடுத்த மாதம் இருபதாந் திகதி மாலை, பொன்னெழுத்துப் பலகையின் கீழே, வெறும் பையைத் தடவியபடி மனைவியின் மேசையடியில் வந்து நின்றான் முகாமைப் பணிப்பாளன் கனகசபாபதி.

அவள் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, பாண் வாங்கிக்கொண்டு மிச்சக் காசையும் கொண்டுவரச் சொன்னாள்.