முகத்தைத் திருப்பிக்கொண்ட படகு

டமார்!

படகுத்துறையின் மரத்தூணில் மூக்கை மோதி நின்றது படகு. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சுக்கான் பிடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தான் நேராகத்தான் ஓட்டியதாகவும், படகுதான் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் பொதுவாக அறிவித்தார்.

"வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தத் தூண் பிழைச்சிருக்கும்" என்றாள் மனைவி.

ஒரு பல் டாக்டரிடம் வாங்கிய பழைய பாய்மரப் படகு அது. வாங்கிய அன்றிலிருந்து மனைவி அவர் பக்கத்தில் உட்காருவதில்லை. அவர் காற்றடிக்கும் மேட்டுப் பக்கம் உட்கார்ந்தால், அவள் எதிரே தாழ்ந்த பக்கம். தனியாக அனுப்பவும் மனசில்லை. "நீங்க முழுகினா எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் படகு நேராகப் போகாவிட்டால் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் தீர்ப்பு. நாள் முழுக்கக் கடையில் எழுத்துப் பலகையைப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு இந்தத் தண்ணீர்தான் ஓய்வு என்று அவர் கெஞ்சியது எடுபடவில்லை.

படகு மெக்கானிக்கைப் போனில் பிடித்தார். அதிகமாகச் சாய்கிற படகு காற்றைப் பார்த்துத் திரும்பத்தான் செய்யும், எது சாய்க்கிறதென்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வைத்துவிட்டார்.

பார்த்தார். பாய் தொப்பை போட்டிருந்தது. இழுத்துக் கட்டக் கயிறு தேடியபோது துணி காயும் கொடி கண்ணில் பட்டது. பாய் தட்டையானது, ஈரத்துணியெல்லாம் தரைக்கு வந்தது. அன்று மனைவி இன்னும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். படகு முன்னைவிட மோசமாகத் திரும்பியது.

முன்பக்கம் கனம் போலிருக்கிறது என்று நங்கூரத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்தார். போதவில்லை. வீட்டில் கனமாக இருந்த ஒரே இரும்பு அவளுடைய தையல் மெஷினின் தலை. அது படகின் வாலில் ஏறி உப்புத் தண்ணீரில் குளித்த அன்று, அவள் பாதி உடம்பு படகுக்கு வெளியே இருக்க, எதிர் விளிம்பிலேயே உட்கார்ந்தாள். சுக்கானை இழுத்து இழுத்து அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

சனிக்கிழமை, பின்னால் சாய்ந்திருந்த பாய்மரக் கம்பத்தை, அதை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பியை முறுக்கி நிமிர்த்தினார். ஞாயிறு காலை டாக்டர் படகை வாங்கிப்போகக் கரையில் வந்து நின்றார்.

கிளம்பியதும் படகு மறுபடி மூக்கைத் திருப்பியது. கடைக்காரர் பாயைத் தளர விட்டார்.

"குடுத்துடலாம். உன்னைக் கேக்காம வாங்கினது என் தப்புதான். மெஷினையும் நானே துடைச்சு எண்ணெய் போட்டுத் தரேன்."



"இதைச் சொல்றதுக்கு ஒரு கம்பத்தையே நிமிர்த்த வேண்டியிருந்துதா?" என்று மனைவி எழுந்துவந்து அவர் பக்கத்தில், தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள். "பாயை இழுங்க, பார்க்கலாம்."

இழுத்தார். படகு நிமிர்ந்தது. ஒற்றை விரலில் சுக்கான் நிற்க, கோடு போட்ட மாதிரி போய்த் திரும்பி வந்தது.

கரை ஏறியதும், நிமிர்த்திய கம்பம் வேலை காட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவுதான் என்று கடைக்காரர் விளக்க ஆரம்பித்தார். டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. படகையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வீட்டம்மாவும் மூணு வருஷமா அந்த எதிர்ப் பக்கம்தான் சார் உக்காந்திருந்தா" என்றார் மெதுவாக. "நான் போய் படகை வித்துட்டேனே."